பிள்ளைகளுக்குக் குளிராத விடுதி: கல்வராயன் மலைப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

கல்வராயன் மலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கும், அந்தப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் உறுப்பினராக இருக்கும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும்,

புரட்டாசி பிறக்கப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு மார்கழிப் பனி மலையை மூடிக்கொள்ளும். பனி இறங்கிய பிறகு குளிரைப் பற்றிப் பேசினால், மனு எழுதி, மதிப்பீடு போட்டு, பணம் ஒதுக்கி வேலை தொடங்குவதற்குள் பங்குனி வெயில் வந்துவிடும். பேச்சும் அத்தோடு ஓய்ந்துவிடும். அதனால்தான் இந்த மடலை இப்போதே எழுதுகிறேன். அக்டோபர் 2-இல் ஒரு கிராம சபை இருக்கிறது. நவம்பர் 1-இல் இன்னொன்று. நடுவில் உங்கள் மேலாண்மைக் குழுக் கூட்டங்களும் இருக்கின்றன.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். விடுதியில் பிள்ளை நடுங்குவதை 'மலைன்னா குளிரத்தானே செய்யும்' என்று விட்டுவிடாதீர்கள். அந்த நடுக்கத்தில் பெரும்பங்கு கட்டடத்தின் குறையால் வருவது. கட்டடத்தின் குறையைச் சரிசெய்ய முடியும். சரிசெய்யச் சொல்லிக் கேட்கும் உரிமையைச் சட்டம் உங்கள் கையில் கொடுத்திருக்கிறது.

தரைமட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரம். பெரிய கல்வராயன் 4,000 அடி வரை எழுகிறது. கள்ளக்குறிச்சியில் ஒரு போர்வை போதும் என்கிற இரவில் வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் இரண்டு போர்வை வேண்டியிருக்கும். ஊட்டி, கொடைக்கானல் அளவுக்கு இது கடுங்குளிர் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த உண்மைதான் உங்கள் பிள்ளைகளுக்கு வினையாகிறது. ஊட்டி விடுதியைக் கட்டுகிறவர் குளிரை நினைத்துக்கொண்டு கட்டுவார். கல்வராயன் மலை விடுதிக்கோ சமவெளிக்குப் போட்ட அதே வரைபடம் மலையேறி வந்துவிடுகிறது. அதே கான்கிரீட் தளம், அதே ஒற்றைச் சுவர், காற்றோட்டத்துக்காக வைத்த அதே மூடாத வென்டிலேட்டர்.

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். ஒரு கட்டடப் பொறியாளர் வெப்பமானியை வைத்து அளந்தாலும் இதைத்தான் சொல்வார். தெளிந்த வானம் உள்ள இரவில் கூரைதான் முதலில் குளிர்கிறது. பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் கான்கிரீட் தளம் வானத்துக்குக் கொடுத்துவிட்டு, விடியும் முன் அறைக்குள் இருப்பவர்களின் உடற்சூட்டையும் இழுக்கத் தொடங்குகிறது. அடுத்தது தரை. வெறும் சிமெண்ட் தரையில் பாய் விரித்துப் படுக்கும் பிள்ளை, மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும், கீழே இரவு முழுக்கச் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். காலையில் 'தூக்கம் வரலை' என்று சொல்லும் பிள்ளைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

உங்கள் முன்னோர் கட்டிய மண்சுவரும் புல்வேய்ந்த கூரையும் இந்தக் கணக்கைத் தெரிந்து கட்டியவை. புல்லின் இடுக்குகளில் சிறைப்பட்ட காற்று சூட்டை வெளியே விடாது. மண்சுவர் பகல் சூட்டை வாங்கி இரவில் மெல்லத் திருப்பித் தரும். ஆனால் பள்ளிக்குப் புல்கூரை இனி வரக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றியது முழுக்கச் சரி. ஆனால் கீற்று போன இடத்தில் வந்த தகரமும் சிமெண்ட் ஷீட்டும் வெயிலில் கொதிக்கின்றன, பனியில் சொட்டுகின்றன. தீப்பிடிக்காத கூரை என்பதோடு வேலை நின்றுவிட்டது. சூடு காக்கும் கூரை என்ற பாதி வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

அந்த மிச்ச வேலை கடினமானதில்லை. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பது தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை. வெதரிங் கோர்ஸ் என்று எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் சொல்வார். பல அரசுக் கட்டடங்களில் இது மழைநீர் வடிவதற்காக மட்டும் மெல்லிய படலமாகப் போடப்படுகிறது. மலையில் இதைத் தடிமனாகவும், அதன் அடியில் ஒரு வெப்பத்தடுப்புப் பலகை வைத்தும் போட வேண்டும். கான்கிரீட் கடத்தும் சூட்டில் நாற்பதில் ஒரு பங்குகூட இந்தத் தடுப்புப் பலகை கடத்தாது. இரண்டு அங்குலம் போதும். பலகை தளத்துக்கு மேலே, ஓட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். அறைக்குள் தெர்மாகோல் ஒட்டக் கூடாது, அது தீயில் உருகிப் புகையும். ஷீட் கூரை போட்ட அறைகளில் சிமெண்ட் போர்டில் உள்கூரை அடித்து, மேலே எரியாத கனிமப் பஞ்சை விரித்தால் பனி சொட்டுவதும் நிற்கும், சூடும் நிற்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சென்னையில் பெரும்பாக்கம் குடியிருப்பு போன்ற இடங்களில் குளிர்கூரை முயற்சி நடந்திருக்கிறது. வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சைக் கூரைக்குப் பூசுவது அது. சமவெளிப் பள்ளிகளுக்கு நல்ல யோசனை. அதையே அப்படியே மலைக்கும் கொண்டுவந்தால், தையிலும் மாசியிலும் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய பகல் வெயிலையும் கூரை திருப்பி அனுப்பிவிடும். வெப்பத்தடுப்பு போட்ட கூரைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது கோடையில் வெளிச்சூட்டை உள்ளே விடாது, பனிக்காலத்தில் உள்சூட்டை வெளியே விடாது. மலைக்கு ஏற்றது அதுதான்.

கூரைக்கு அடுத்து கதவும் சன்னலும். உடைந்த கண்ணாடி, கீழே இரண்டு விரல் இடைவெளி விட்டு நிற்கும் கதவு, மழையில் உப்பி மூடாமல் போன பலகை. இவற்றைச் சரிசெய்ய ஒரு தச்சருக்குச் சில நாள் வேலை. வென்டிலேட்டரை முழுக்க அடைத்துவிடக் கூடாது. நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடும் அறைக்குக் காற்று வேண்டும். இரவில் பாதி சாத்தவும் பகலில் திறக்கவும் தோதாக ஒரு பலகை வைத்தால் போதும். தரைக்குப் பதில் கட்டில், இல்லாவிட்டால் தரைக்கு மேல் ஒரு மரப்பலகை மேடை. அதோடு போர்வை உலர்த்த ஒரு கொட்டகையும் தேவை. மழைக்காலத்தில் நனைந்த போர்வை மார்கழி வரை சரியாக உலராமலே கிடக்கிறது. ஈரப்போர்வை போர்த்திய பிள்ளைக்குப் போர்வை இல்லாததைவிடக் குளிர் அதிகம். கூரைக்கு ஒளி ஊடுருவும் ஷீட் போட்டு, பக்கவாட்டில் காற்றுக்கு வழிவிட்ட ஒரு சின்னக் கொட்டகையில் போர்வையும் சீருடையும் பகலுக்குள் உலர்ந்துவிடும்.

அறைக்குள் மட்டும் கணப்பு மூட்ட விடாதீர்கள். இரும்புச் சட்டியில் கரிக் கங்கை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி கொடைக்கானலிலிருந்து வந்திருக்கிறது. கரி கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை தெரியவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைத்தவர்கள்தான் அதில் மாண்டார்கள்.

இனி வெந்நீர். என் மடலில் இதுதான் முக்கியமான பகுதி.

அதிகாலை ஐந்து மணிக்கு விடுதியின் பின்பக்கம் மூன்று கல் கூட்டி அண்டாவை ஏற்றுவார்கள். நேற்றைய மழையில் நனைந்த விறகு சீறிச் சீறிப் புகையும். தீ அண்டாவின் அடியில் பாதியும் காற்றில் பாதியுமாக அலையும். தண்ணீர் சூடேறுவதற்குள் ஆறரை ஆகிவிடும். முதலில் வரும் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வாளி கிடைக்கும். பிறகு வருகிறவர்களுக்கு வெதுவெதுப்பு. கடைசியில் நிற்பவர்கள் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வகுப்புக்கு ஓடுவார்கள். நாலைந்து நாள் குளிக்காமல் இருந்தால் சிரங்கும் சொறியும் வரும், ஒரு பிள்ளைக்கு வந்தது அறை முழுக்கப் பரவும். அரிவாள் செல் சோகை உள்ள பிள்ளைக்குக் குளிர்ந்த நீரில் குளிப்பதே கடும் வலியைக் கிளப்பிவிடக்கூடும். வெந்நீரைச் சொகுசு என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். நூறு பிள்ளைகள், ஆளுக்கு 15 லிட்டர், மொத்தம் 1,500 லிட்டர். 18 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்ற 33,000 கிலோகலோரி வேண்டும். மின்சாரத்தில் சொன்னால் 38 யூனிட். மூன்று கல் அடுப்பு, விறகு கொடுக்கும் சூட்டில் பத்தில் ஒரு பங்கைத்தான் தண்ணீருக்குள் செலுத்தும். அந்த அடுப்பில் இந்த வெந்நீரைக் காய்ச்ச ஒரு நாளைக்கு 90 கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். அவ்வளவு விறகு எந்த விடுதிக்கும் நாள்தோறும் கிடைக்காது. கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு வெந்நீர் இல்லாமல் போவதன் காரணம் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. சமையலரையோ காப்பாளரையோ திட்டிப் பயனில்லை.

சிலர் ஹீட்டர் ராடு வாங்கிப் போடலாம் என்பார்கள். ஈரத் தரையில், வெறுங்காலோடு பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அந்த ராடு ஒரு உயிராபத்து. அதோடு ஒரு மணி நேரத்தில் 1,500 லிட்டரைச் சூடாக்க 38 கிலோவாட் மின்பளு வேண்டும். மலையின் மின்கம்பி அதைத் தாங்காது.

சூரிய வெந்நீர் அமைப்புக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. வெயில் உள்ள நாளில் 100 லிட்டரை ஏறத்தாழ 60 டிகிரிக்குச் சூடேற்ற இரண்டு சதுர மீட்டர் தகடு போதும். 60 டிகிரி வெந்நீர் 800 லிட்டரோடு பச்சைத் தண்ணீர் 700 லிட்டரைக் கலந்தால் 40 டிகிரியில் 1,500 லிட்டர் கிடைக்கும். நூறு பிள்ளைகளுக்கு 800 லிட்டர் அமைப்பு, 16 சதுர மீட்டர் தகடு என்பது ஒரு வகுப்பறைக் கூரையின் ஒரு மூலைதான். பகலில் சூடான நீர், வெப்பத்தடுப்புத் தொட்டியில் மறுநாள் காலை வரை சூடாகவே இருக்கும்.

மழை மூட்டமும் பனிமூட்டமும் உள்ள நாட்களுக்கு ஒரு மாற்று வேண்டும். அதற்கு, நடுவில் புகைபோக்கி வைத்த விறகு பாய்லர் ஏற்றது. நம் ஊர் வீடுகளில் இருந்த செம்புப் பாய்லரின் பெரிய வடிவம்தான். தீ தண்ணீரின் நடுவே ஏறிப் போவதால் சூடு வீணாகாது. மூன்று கல் அடுப்பு கேட்கும் விறகில் மூன்றில் ஒரு பங்கு போதும். அதற்கும் காட்டு மரத்தை வெட்ட வேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய பிறகு வரப்போரம் கிடக்கும் குச்சியும் மக்காச்சோளக் கட்டையும் உங்கள் மலையில் எத்தனை கிடக்கின்றன என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஒரு கொட்டகையில் உலர வைத்து அடுக்கினால் அதுவே எரிபொருள். மின்சாரம் நிலையாக இருக்கும் விடுதியில் ஹீட் பம்ப் வைக்கலாம். காற்றில் உள்ள சூட்டைப் பிடித்துத் தண்ணீருக்குத் தருவதால் அது 38 யூனிட் வேலையை 13 யூனிட்டில் முடிக்கும்.

வாங்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். கண்ணாடிக் குழாய் அமைப்பு விலை குறைவு; ஆனால் குரங்குகள் ஏறும் கூரையில் குழாய்கள் உடையும். செம்புக் குழாய் பதித்த தட்டைத் தகடு விலை கூடினாலும் நிலைக்கும். தொட்டிக்கும் குளியலறைக்கும் நடுவே நீண்ட குழாய் ஓடினால், குழாயில் தேங்கிக் குளிர்ந்த நீர் முதலில் வீணாகும். தொட்டி குளியலறைக்கு மேலேயே இருக்கட்டும், குழாயைச் சுற்றி உறை போடச் சொல்லுங்கள். உப்பு நீரானால் தகடு அடைத்துக்கொள்ளும், ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்தாக வேண்டும். அரசுக் கட்டடங்களின் கூரைகளில் செத்துக் கிடக்கும் சூரியத் தகடுகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தொழில்நுட்பம் தோற்று அவை சாகவில்லை. திறப்பு விழாவுக்குப் பிறகு பார்க்க ஆளில்லாமல் செத்தன. ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமில்லாமல் எதையும் வாங்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நான் கூரையை முதலிலும் கருவியைப் பிறகும் சொன்னது வேண்டுமென்றேதான். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. சூடு ஒழுகும் கட்டடத்துக்கு எத்தனை ஹீட்டர் வாங்கினாலும் மின்கட்டணம் ஏறும், குளிர் இறங்காது.

விளக்கும் விசிறியும் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். சோக் வைத்த பழைய டியூப் லைட் ஏறத்தாழ 50 வாட் இழுக்கும், எல்.இ.டி. 20 வாட். பழைய மின்விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. விசிறி 30 வாட். இருபது விளக்கும் இருபது விசிறியும் உள்ள ஒரு விடுதியில் இவற்றை மாற்றினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 யூனிட் மிச்சமாகும். ஹீட் பம்ப் மூன்று பனி மாதங்களுக்குக் கேட்பது 1,200 யூனிட்தான். விளக்கிலும் விசிறியிலும் மிச்சம் பிடித்ததில் பாதியிலேயே நூறு பிள்ளைகள் பனிக்காலம் முழுக்க வெந்நீரில் குளிக்கலாம். ஆற்றல் சிக்கனம் என்றால் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்காருவது என்று பலர் நினைக்கிறார்கள். வீணாகிறதைப் பிடித்துப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் சிக்கனம்.

பள்ளியோடு ஆரம்ப சுகாதார நிலையத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்குக் குளிர் ஆகாது. பிரசவ அறை 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மார்கழி இரவில் மின்சாரம் போனால் குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் நின்றுவிடும். சத்தீஸ்கர் மாநிலம் நூற்றுக்கணக்கான சுகாதார நிலையங்களுக்குப் பேட்டரியோடு சூரிய மின்சாரம் கொடுத்திருக்கிறது. அங்கேயும் காடும் மலையும் பழங்குடி மக்களும்தான். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

இவ்வளவு எளிய வேலைகள் ஏன் நடக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சட்டத்தின் கண்ணில் உங்கள் விடுதி படுவதில்லை என்பது முதல் காரணம். ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-இல் வந்தது. அதன்கீழ் வந்த கட்டட விதித்தொகுப்பு 100 கிலோவாட்டோ அதற்கு மேலோ மின்பளு உள்ள கட்டடங்களுக்கே பொருந்துகிறது. சென்னையின் கண்ணாடி அலுவலகங்களை மனத்தில் வைத்து எழுதிய அளவு அது. சில கிலோவாட் மட்டுமே இழுக்கும் மலை விடுதி அந்த வலையில் சிக்காது. 2022-இல் வந்த திருத்தம் அந்த அளவைக் குறைக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குக் கொடுத்தது. குழந்தைகள் தங்கிப் படிக்கும் அரசு விடுதிகளுக்கு அளவு பார்க்காமல் விதியைப் பொருத்தும்படி தமிழ்நாடு அரசை நாம் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுக் கட்டடங்களின் மொத்தப் பரப்பில் ஆண்டுக்கு 3 விழுக்காட்டை ஆற்றல் சிக்கனத்துக்காகப் புதுப்பித்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இத்தனை ஆண்டுக்குள் எல்லா மலை விடுதிகளும் என்று ஒரு கெடு நமக்கும் வேண்டும்.

இரண்டாவது காரணம், பணம் கட்டுகிறவர் வேறு, குளிரில் நடுங்குகிறவர் வேறு. மின்கட்டணம் துறையின் கணக்கில் போகிறது. மிச்சம் பிடித்தாலும் அது பள்ளிக்குத் திரும்பி வருவதில்லை. விறகின் விலையோ எந்தப் பில்லிலும் வருவதே இல்லை. அதைச் சுமந்து வருகிறவர்களின் முதுகும், ஊதி எரிக்கிறவர்களின் நுரையீரலும்தான் அந்த விலையைக் கொடுக்கின்றன. கணக்கில் வராத செலவைக் குறைக்க எந்த அதிகாரிக்கும் அவசரம் இருக்காது. அவசரம் உங்களுக்குத்தான் இருக்கும்.

அந்த அவசரத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். குழு எழுதித் தரும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம்தான் அரசு தரும் நிதிக்கு அடிப்படை என்கிறது அதே சட்டம். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிட்டு அனுப்பும் குழு இல்லை இது. பணமும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு பழங்குடியினருக்காக 1,000 கோடி ரூபாயில் 'தொல்குடி' திட்டத்தை அறிவித்திருக்கிறது. ஒன்றிய அரசு 2024 அக்டோபர் 2-இல் தொடங்கிய தர்த்தி ஆபா திட்டத்தில் பழங்குடியினர் உறைவிடப் பள்ளிகளையும் விடுதிகளையும் மேம்படுத்த இடமுண்டு. அதே 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதால் ஆட்சியரைப் பார்க்க விழுப்புரம் வரை போக வேண்டியதும் இல்லை. ஜாகிர்தார்கள் மலையை ஆண்ட ஜாகிர் முறை 1976-இல் ஒழியும் வரை உங்கள் பாட்டன்மார் எதையும் கேட்க வாய்திறக்க முடியாமல் இருந்த மலை இது. இன்று கேட்பதற்கு இத்தனை வாசல்கள் திறந்திருக்கும்போது கேட்காமல் இருக்கலாமா?

உள்ளூர் மக்கள் நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்குக் கோவை மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சி சாட்சி. தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் தின்ற மின்கட்டணத்தைப் பார்த்து, தலைவர் ஆர். சண்முகம் காலத்தில் அவர்கள் முதலில் மரக்கழிவில் ஓடும் எரிவாயுக் கருவியை வைத்தார்கள். பிறகு 2006-இல் ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி, 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையையே சொந்தமாக வாங்கிவிட்டார்கள். தங்கள் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். நான் உங்களைக் காற்றாலை வாங்கச் சொல்லவில்லை. ஓர் ஊராட்சி தன் பில்லை எடுத்து வைத்துப் படித்ததில்தான் அத்தனையும் தொடங்கியது. அந்தப் படிப்பை நீங்களும் செய்யலாம்.

புதுக் கட்டடம் வரும்போது இன்னொரு வாய்ப்பு வருகிறது. லடாக்கில் ஷே கிராமத்துக்குப் பக்கத்தில் ட்ரூக் பள்ளி இருக்கிறது. '3 இடியட்ஸ்' படத்தில் வந்த பள்ளி அது. அதன் விடுதிகளில் தெற்குச் சுவரைக் கருமையாக்கி முன்னால் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். பகல் வெயிலைக் குடித்த சுவர் இரவெல்லாம் அறைக்குச் சூடு தருகிறது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. மார்கழியில் வெள்ளிமலையில் உச்சிச் சூரியன் தெற்கே சாய்ந்து ஏறத்தாழ 55 பாகை உயரத்தில் நிற்கும். கோடையில் தலைக்கு மேலே போய்விடும். கட்டடத்தின் நீளப் பக்கங்கள் தெற்கும் வடக்குமாக அமைந்து, படுக்கை அறைகளின் சன்னல் தெற்கே இருந்தால், பனிக்காலத்தில் வெயில் உள்ளே வரும், கோடையில் வராது. இதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூட ஆகாது. கட்டடம் கட்டும் அரசு நிறுவனமான தாட்கோவோ பொதுப்பணித் துறையோ அளவெடுக்க வரும்போது திசை எது என்று நீங்கள் கேட்டால் போதும்.

அடுத்த கூட்டத்தில் நிறைவேற்ற ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் பள்ளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்று: விடுதி அறைகளில் வெப்பமானி மாட்டி, மார்கழி முதல் மாசி வரை தினமும் காலை ஐந்து மணி அளவைப் பதிவேட்டில் எழுத வேண்டும். குளிர்ப் பகுதிகளில் அறைக்குள் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இரண்டு: உடைந்த சன்னல், கதவு அனைத்தையும் கார்த்திகைக்குள் சரிசெய்ய வேண்டும்; எந்தப் பிள்ளையும் வெறுந்தரையில் படுக்கக் கூடாது.

மூன்று: கூரைகளுக்கு வெப்பத்தடுப்புப் போட மதிப்பீடு தயாரித்துத் துறைக்கு அனுப்ப வேண்டும்.

நான்கு: பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற சூரிய வெந்நீர் அமைப்பும், மாற்றாக விறகு பாய்லரும், ஐந்தாண்டுப் பராமரிப்போடு வேண்டும்.

ஐந்து: பழைய விளக்கு, விசிறிகளை மாற்ற வேண்டும், மாதாமாதம் மின்கட்டணப் பில்லையும் விறகுச் செலவையும் குழுவின் முன் வைக்க வேண்டும்.

ஆறு: போர்வை உலர்த்தக் கொட்டகை வேண்டும்.

இதில் முதல் இரண்டுக்கும் பெரிய நிதி தேவையில்லை. இந்த ஆண்டே நடக்கலாம். வெப்பமானியின் விலை சில நூறு ரூபாய். மூன்று மாதப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் ஆட்சியர் முன் போய் நின்றால், அது மனுவைவிட வலுவானது. 'குளிருது சார்' என்று சொன்னால் எல்லோருக்கும்தான் குளிருது என்று பதில் வரலாம். 'இத்தனை நாள், இத்தனை டிகிரி' என்று காட்டினால் அப்படிப் பதில் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் மலையாளிகளாகிய நீங்கள். உங்கள் பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள் என்று அரசு கேட்டது, நீங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் பங்கை நீங்கள் செய்தாயிற்று. நன்றாகத் தூங்கி, வெந்நீரில் குளித்து, உலர்ந்த உடையில் வகுப்பில் உட்காரும்படி அவர்களை வைத்திருப்பது அரசின் பங்கு. அதைச் சலுகையாக யாரும் தர வேண்டாம். உரிமையாகக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், அக்டோபர் 2-ஆம் தேதியே கேளுங்கள்.

உங்கள் பிள்ளைகளின் நலம் நாடும்,
கள்ளக்குறிச்சியிலிருந்து ஒருவன்